கோல்முனை தாழ்ந்த பிறகு

யாவ் அண்ணன் விழுந்த காலையிலிருந்து சூச்சினுக்குச் சோறு இறங்கவில்லை. ஊரே அவளை நல்லவள் என்று சொல்லிக்கொண்டிருந்தது. சோறு இறங்காததற்கு அதுதான் காரணம்.

விழுந்து கிடக்கிற வயசாளியைத் தூக்கிவிட்டால், நீதானே தள்ளினாய் என்று அவர் பிள்ளைகள் வழக்குப் போட்டுவிடுவார்கள் என்று பயந்து, சனங்கள் பார்த்தும் பார்க்காததுபோலச் சுற்றிக்கொண்டு போகிற காலம் இது. அப்படிப்பட்ட காலத்தில் ஒருத்தி தூக்கினாள், தோளில் சாய்த்துக்கொண்டாள், வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள் என்றால் சும்மா இருப்பார்களா? சந்தையில் தோஃபு என்கிற சோயாக்கட்டி விற்கிறவள் ஒரு கட்டி கூடுதலாக வைத்துக் கொடுத்தாள். எப்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மேல்மாடிக்காரர் படிக்கட்டில் ஒதுங்கி நின்று வழிவிட்டார். சூச்சின் அந்தத் தோஃபுவைக் கொண்டுவந்து ஃபிரிட்ஜில் வைத்தாள். அது அங்கேயே கிடந்து புளித்தது.

தள்ளியது அவள்தான். தள்ளியதுகூட இல்லை, அடித்தது.

சீனாவின் வூடாங் மலையடிவாரத்தில், இடிந்துபோன பழைய அரண்மனைக் கோயிலின் முற்றத்தில் காலையில் இரண்டு கூட்டம் கூடும். ஒரு பக்கம் ஒலிபெருக்கியை அலறவிட்டு ஆடுகிற பெண்கள். மறுபக்கம் குறுங்கோல் பழகுகிறவர்கள். முழங்கால் வலிக்கு வந்தவர்கள், இரத்த அழுத்தத்துக்கு வந்தவர்கள், மருமகள் முகத்தைக் கொஞ்ச நேரமாவது பார்க்காமல் இருக்கலாம் என்று வந்தவர்கள் எல்லாம் அதில் உண்டு. சூச்சின் வந்தது வேறு காரணத்துக்கு. ரப்பர் தொழிற்சாலை கேன்டீனில் சோறு போட்டே காலம் தள்ளிவிட்டு ஓய்வு பெற்றவள் அவள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், மகன் தெற்கே எங்கோ வேலையில் இருக்கிறான். ஒரு நாள் பஸ் நிறுத்தத்தில் எவனோ பையைப் பிடுங்கி, அவளைத் தரதரவென்று இழுத்துப் போட்டுவிட்டு ஓடினான். அதற்குப் பிறகு வெளியே போகவே பயந்தாள். இடுப்புயரத்துக்கு ஒரு கோல் கையில் வந்த பிறகுதான் பயம் விட்டது. தூக்கமும் வந்தது.

அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த தாவோ மதத் துறவி லிங்குக்கு அங்கே வருகிற பாதிப்பேரின் மகன் வயதுதான் இருக்கும். ஆனால் சொன்னதைச் செய்யாவிட்டால் விடமாட்டார். மூச்சையும் இடுப்பையும் சேர்த்துத் திருப்பச் சொல்வார், மணிக்கட்டைத் தட்டவும் முழங்கையைப் பூட்டவும் பழக்குவார். அவர் பார்ப்பது அடியின் வேகத்தை அல்ல, அது எங்கே நிற்கிறது என்பதைத்தான். எதிராளியின் தோலுக்கு ஒரு விரல் முன்னால் கோல் நிற்க வேண்டும். இரண்டு பேர் பழகும்போது ஒருவர் கோல்முனையைத் தாழ்த்தித் தரையைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது. அதற்குமேல் யாரும் கோலை அசைக்கக் கூடாது. அந்தக் கூட்டத்தில் இருந்த ஒரே சட்டம் அதுதான்.

நிறுத்துவதில் சூச்சினை மிஞ்ச ஆள் கிடையாது. கிண்ணம் வழியாமல் விளிம்புவரை சூப்பு ஊற்றிப் பழகிய கை அது. அவள் கோலுக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நிற்கலாம் என்பார்கள். அப்படி நின்று பழகியவர் யாவ் அண்ணன்.

யாவ் சுவான்வென் லாரி ஓட்டி ஓய்ந்தவர். அவர் மனைவி ருய்லானுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறும், புத்தி மட்டும் கத்தி. அவளைத் தூக்கி உட்காரவைக்கவும், படுக்கைப்புண் வராமல் நேரத்துக்கு நேரம் புரட்டிப் போடவும் முதுகில் பலம் வேண்டும் என்றுதான் அவர் குறுங்கோல் பழக வந்தார். வந்தவர் மனசையும் அதிலேயே வைத்துவிட்டார். சூச்சினுக்கும் அவருக்கும் ஜோடி பொருந்திவிட்டது. எல்லாரும் வருவதற்கு முன்பே இருவரும் வந்து பழகுவார்கள். பிறகு அவருடைய பிளாஸ்கிலிருந்து ஆளுக்கொரு மூடி டீ குடிப்பார்கள். புருஷன் போன பிறகு அவளோடு சேர்ந்து டீ குடித்த ஒரே மனிதர் அவர்தான்.

சீன நிலாக் கணக்கில் மூன்றாம் மாதம் மூன்றாம் நாள் கோயில் திருவிழா. அன்று மலைமேல் சாமி முன்னால் ஒரு ஜோடி குறுங்கோல் ஆடிக் காட்டும். இந்த வருஷம் யாவ் ஆடட்டும் என்றார் துறவி லிங். எதிரே யார் என்று கேட்டதற்கு யாவ் அண்ணன் யோசிக்கக்கூட இல்லை, மியாவ் டீச்சரைக் காட்டினார். மியாவ் போன இலையுதிர்காலத்தில்தான் சேர்ந்தவள். பார்க்க லட்சணமாக அசைவாள், ஒரு அடிகூட உருப்படியாக நிற்காது. சூச்சின் என்ன ஆனாள் என்று யாரோ கேட்டார்கள்.

"சூச்சின் கோலா? அது கரண்டி மாதிரி. சோறு பரிமாற நல்லாருக்கும். சாமி முன்னாடி ஆட ஆகுமா?" என்றார் யாவ்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சூச்சினும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போய், விடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். காலம் முழுக்க அவளைக் கரண்டிக்காரி என்றுதான் ஆட்கள் கூப்பிட்டார்கள். கோல் கையில் வந்த பிறகு அந்தப் பேர் ஒழிந்தது என்று நினைத்திருந்தாள்.

மறுநாள் காலை அவர் ஒன்றுமே நடக்காததுபோல வந்தார். அவருக்கு ஒன்றும் நடக்கவில்லைதானே! பனிமூட்டம் இறங்கியிருந்தது, கல்தரை நனைந்திருந்தது. இருவரும் பழகினார்கள். அன்றைக்கு அவள் கோல் வழக்கத்தைவிட வேகமாக வந்தது. அவர் பின்வாங்கினார், சிரித்தார். போதும் சூச்சின், டீ ஆறிடும் என்று சொல்லிக் கோல்முனையைத் தாழ்த்தினார். அது கல்லில் டொக் என்று பட்டது.

அதற்குப் பிறகுதான் அவள் அடித்தாள். வலது மணிக்கட்டில். கோல் நிற்கவில்லை, அவள் நிறுத்தவில்லை. எலும்பு முறிந்த சத்தம் கோல் வழியே கையில் ஏறியது. அவர் சறுக்கி, மல்லாந்து விழுந்தார்.

ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்த ஆட்டக்காரப் பெண்கள் ஓடிவந்தபோது, சூச்சின் அவரைத் தோளில் தாங்கியிருந்தாள். அவள் வாயைத் திறக்குமுன், பாசி வழுக்கிடுச்சு என்று அவரே சொன்னார். ஆஸ்பத்திரியில் டாக்டரிடமும் அதையே சொன்னார். சாயங்காலம் வூஹானிலிருந்து ரயிலேறி வந்த மகள் வென்லியிடமும் அதையே சொன்னார். வென்லி லேசுப்பட்டவள் இல்லை. ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போதே, யார் மேல் தப்பு, யாரைப் பிடிப்பது என்றுதான் கேட்டுக்கொண்டு வந்தாள். வந்தவள் கதையைக் கேட்டுவிட்டு சூச்சின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மகள் டீ வாங்கப் போன இடைவெளியில் யாவ் மெல்லச் சொன்னார்.

"நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத. அந்தப் பனியில கோல்முனை இறங்குனது உனக்கு எப்படித் தெரியும்? வென்லி காதுல போட்டா போலீசு, கோர்ட்டுன்னு உன்னை அலைக்கழிச்சிடுவா. விட்டுரு."

"ஆமாண்ணே. பனி," என்றாள் சூச்சின்.

கோலால் அடித்தது ஒரு அடி. இந்த ஆமா இரண்டாவது அடி. முதலாவதற்காவது ஆத்திரம் என்று ஒரு சாக்கு இருந்தது. இதற்கு என்ன சாக்கு? பயம்தான். அந்த மனிதர் அவளுக்குக் கொடுத்த மன்னிப்பு, செய்யாத தப்புக்குக் கொடுத்தது. செய்த தப்பு அவள் மடியிலேயே கிடந்தது.

வென்லி வூஹானுக்குத் திரும்ப வேண்டும், வேலை காத்திருந்தது. ஒரு கையில் மாவுக்கட்டோடு அப்பா எப்படி அம்மாவைப் புரட்டுவார் என்று விழித்தாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சூச்சின் முந்திக்கொண்டு சொன்னாள். அன்றிலிருந்து காலை, மதியம், சாயங்காலம் என்று யாவ் வீட்டுப் படியேறினாள். ருய்லானைப் பக்கவாட்டில் சாய்த்து, முதுகைத் துடைத்து, தலையணையை முட்டுக்கொடுப்பாள். அரிசிக்கஞ்சி ஊட்டுவாள். உடம்பு வருத்திச் செய்கிற அந்த நேரத்தில் மட்டும் நெஞ்சு கொஞ்சம் லேசாகும். படியிறங்கியதும் பழையபடி கனக்கும்.

மனசு இருக்கிறதே, அதைப்போலக் கெட்டிக்கார வக்கீல் உலகத்தில் இல்லை. உண்மையைச் சொன்னால் அவர் உன்னை வீட்டுக்குள் விடமாட்டார், பிறகு ருய்லானை யார் தூக்குவது என்று அது வாதாடும். ருய்லானுக்காகத்தானே வாயை மூடிக்கொண்டிருக்கிறாய் என்று தட்டிக்கொடுக்கும். சூச்சின் பாதி நம்பினாள். மிச்சப் பாதி, யாவ் இடது கையால் தட்டுத்தடுமாறி டீ ஊற்றிக் கொடுக்கும்போதெல்லாம் தலைகுனிந்தது.

"இந்தக் கையிருக்கே, புதுசாக் கல்யாணமான மாப்பிள்ளை மாதிரி. ஒரு வேலையும் தெரியாது," என்று தன் இடது கையைத் தானே கிண்டல் செய்வார் அவர். ருய்லான் கோணலாகச் சிரிப்பாள். சூச்சினுக்கு அந்த டீ குடிக்க முடியாது. குடிக்காமலும் இருக்க முடியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை வென்லி மறுபடி வந்தாள். வெறுங்கையோடு வரவில்லை. சிவப்பு வெல்வெட்டில், மஞ்சள் குஞ்சம் வைத்து, தங்க எழுத்தில் பதாகை செய்து கொண்டுவந்திருந்தாள். தக்க நேரத்தில் துணைநின்ற நல்லவர் ஃபாங் சூச்சின் அவர்களுக்கு என்று அதில் இருந்தது. உயிர் காப்பாற்றிய டாக்டருக்கும் தொலைந்த பிள்ளையைக் கண்டுபிடித்த போலீசுக்கும் கொடுக்கிற மரியாதை அது. கோயில் முற்றத்தில் எல்லாரையும் கூட்டி நிற்கவைத்தாள். கோல்காரர்களோடு ஜென்மப்பகையாக இருந்த ஆட்டக்காரப் பெண்கள்கூட ஒலிபெருக்கியை இரவல் கொடுத்தார்கள்.

"ஃபாங் அத்தை இல்லேன்னா எங்கப்பா அந்தக் கல்லுலயே கிடந்திருப்பாரு," என்றாள் வென்லி ஒலிபெருக்கியில். அது பழைய மதிலில் மோதித் திரும்பி வந்தது.

பதாகையின் ஒரு முனையை வென்லி பிடித்தாள், மறுமுனையை சூச்சின் பிடித்தாள். நின்றிருந்த இடம் அதே இடம். அந்தக் கல்லின் மேல்தான் அவள் செருப்பு இருந்தது. சிரிங்க அத்தை என்று எல்லாரும் கைபேசியைத் தூக்கினார்கள். அவள் சிரித்தாள். கரண்டி என்று கேட்டபோது சிரித்தாளே, அதே சிரிப்பு.

அதோடு முடிந்திருந்தாலாவது தேவலை. திருவிழாவுக்கு யாவுக்குப் பதில் யார் என்று துறவி லிங் கேட்டார். கூட்டத்தின் ஓரத்தில் மாவுக்கட்டுக் கையைக் கழுத்துத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு நின்ற யாவ் அண்ணன் முன்னால் வந்தார்.

"சூச்சின்தான். முதல்லயே அவளைச் சொல்லியிருக்கணும். எனக்கு அன்னிக்குப் புத்தி வேலை செய்யல," என்றார்.

எல்லாரும் கைதட்டினார்கள். ஆசைப்பட்ட இடம் அவளிடம் வந்து சேர்ந்துவிட்டது. அவர் கையை ஒடித்து, அந்த வழியாக வந்து சேர்ந்துவிட்டது. இங்கேயே சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. வென்லியின் சந்தோஷமான முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது.

மதியம் வென்லி ரயிலுக்குப் போன பிறகு, சூச்சின் ஒரு கையில் பதாகை, ஒரு கையில் கோலோடு யாவ் வீட்டுப் படியேறினாள். கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றாள். உட்காரவில்லை.

"என்ன, முகம் ஊறவெச்ச கீரை மாதிரி இருக்கு? நல்ல நாளும் அதுவுமா," என்றார் யாவ்.

"அண்ணே, அன்னிக்குப் பனி மேல தப்பில்ல."

"அதை ஏன் இப்பக் கிளறுற? நாந்தான் விடுன்னு சொன்னேனே."

"உங்க கோல்முனை இறங்குனதைப் பாத்தேன். கல்லுல டொக்குன்னு பட்டுது, அதையும் கேட்டேன். கேட்ட பொறவுதான் அடிச்சேன்."

அவர் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். பிளாஸ்க் மேஜைமேல் இறங்கியது. கட்டிலில் கிடந்த ருய்லான் தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

"எதுக்கு?"

"கரண்டின்னு சொன்னீங்களே. எல்லார் முன்னாடியும். அதுக்கு."

அவர் அவளை விழித்துப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. நிஜமாகவே யோசித்தார்.

"எந்தக் கரண்டி?" என்றார்.

அவருக்கு நினைவே இல்லை. அவளை விடிய விடியத் தூங்கவிடாமல் செய்த அந்தச் சொல், சொன்னவருக்கு எச்சில் துப்பியது மாதிரி அன்றைக்கே போய்விட்டிருந்தது. சூச்சின் அதை எடுத்துச் சொன்னாள். சொல்லச் சொல்ல அது சின்னதாகிக்கொண்டே போயிற்று. சொல்லி முடித்தபோது, ஒரு மனிதரின் எலும்பை ஒடிப்பதற்கு அது போதுமா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

யாவின் முகம் மாறிவிட்டது. அவள் எதிர்பார்த்த கோபம் இல்லை அது. ஏமாந்தவரின் முகம்.

"நான் என் பொண்ணுகிட்டயே பொய் சொன்னேன், உனக்காக. நீ போயிடு," என்றார்.

சூச்சின் வாசலுக்குப் போனாள். உள்ளே ருய்லான் முனகினாள். புரட்டிப்போட வேண்டிய நேரம் தாண்டிவிட்டிருந்தது. யாவ் கட்டிலுக்குப் போய் இடது கையை அவள் தோளுக்கடியில் கொடுத்து நெம்பினார். பாதி எழுந்தவள் சரிந்து மறுபடி விழுந்தாள். இன்னொரு முறை முயன்றார். மாவுக்கட்டு கட்டில் சட்டத்தில் இடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"அவளை... கூப்பிடு," என்றாள் ருய்லான்.

"வேணாம்."

"உங்க... சண்டையை... என் முதுகுலயா... போடுவீங்க? எரியுது."

அவர் நகர்ந்து நின்றார். சூச்சின் திரும்பி வந்தாள். முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, துறவி லிங் சொல்லிக்கொடுத்தபடி மூச்சோடு சேர்த்துத் தூக்கினாள். முதுகைத் துடைத்துத் தலையணை வைத்தாள். ருய்லான் கண்ணை மூடிக்கொண்டாள்.

சூச்சின் நிமிர்ந்தபோது யாவ் சுவரோரம் இருந்த அவள் கோலை இடது கையில் எடுத்திருந்தார். அவர் அதை ஓங்கினார். அவள் விலகவில்லை, கையை மறைக்கவும் இல்லை. அடித்தால் அடிக்கட்டும், அதோடு தீரட்டும் என்று நினைத்தாள். கோல் பழக்கமில்லாத கையில் ஆடிக்கொண்டே வந்து அவள் மணிக்கட்டுக்கு மேல் நின்றது. ஒரு விரல் இடைவெளி இல்லை, மயிரிழைதான். ஆனால் நின்றது. பிறகு மெல்லத் தாழ்ந்து முனை சிமெண்டுத் தரையைத் தொட்டது.

டொக்.

அந்தச் சத்தம் கேட்டதும் அவள் உடம்பு தானாகவே தளர்ந்தது. தோள் இறங்கியது, மூச்சு வெளியே வந்தது, விரல்கள் விரிந்தன. இனி ஒன்றும் ஆகாது என்று உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை நம்பியது. அன்று காலை அவர் உடம்பும் இப்படித்தான் நம்பியிருக்கும். தான் ஒடித்தது எலும்பை மட்டும் இல்லை என்று அப்போதுதான் அவளுக்கு முழுசாக உறைத்தது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் அழவிட்டார்.

அழுது முடிந்ததும் அவர் கோலை ருய்லான் கட்டிலுக்கு அந்தப் பக்கம், சூச்சின் கைக்கு எட்டாத இடத்தில் சாய்த்து வைத்தார்.

"இது இங்க இருக்கட்டும். காலையில வழக்கம்போல வந்துரு, இவளைப் புரட்டணும்."

"வென்லிகிட்ட? மத்தவங்ககிட்ட?"

"நான் ஒரு தடவை உனக்காகப் பேசியாச்சு. இனி நீ பேசு."

சூச்சின் பதாகையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினாள். சந்தைக் கடைகள் இன்னும் மூடியிருக்கவில்லை. தோஃபுக்காரி இவளைக் கண்டதும் முகம் மலர்ந்து, காலையில் எடுத்த படம் எல்லார் கைபேசியிலும் வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே, கேட்டதற்கு மேல் ஒரு கட்டியைப் பையில் போட்டாள்.

சூச்சின் அந்தக் கட்டியை எடுத்து, பலகையில் இருந்த மற்றவற்றோடு திரும்ப வைத்தாள்.

"இது எனக்கு வேணாம்மா," என்றாள். "அவரை அடிச்சுப் போட்டதே நான்தான்."